சர்க்கரைப் பணத்தில் எழுந்த பேய் மாளிகை: வாசகர் கேள்வி – பதில்

இருட்டு மாளிகை, பூட்டிய அறை, எப்போதோ யாரோ செய்த குற்றம், அது ஒருநாள் திரும்பி வந்து கதவைத் தட்டுவது. இவற்றை வைத்து 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கோதிக் நாவல்களைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: அந்தக் கதைகளில் பயமுறுத்துகிற ஆள் ஏன் திரும்பத் திரும்ப வேறு நாட்டுக்காரராக, வேறு நிறத்தவராக இருக்கிறார்? ஆங்கில இலக்கியம் கற்பித்த காலம் முழுக்க நான் மாணவர்களோடு பேசிவந்த விஷயம் இது. அதனால் இந்த முறை பக்கங்கள் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: கோதிக் நாவல் என்றால் பாழடைந்த கோட்டை, நள்ளிரவு, அலறல். இதில் காலனி ஆட்சி எங்கே வந்தது? எதை எடுத்தாலும் அரசியலைத் தேடுவது சரியா?

தேடிப் போகவே வேண்டாம். மாளிகையைக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேளுங்கள்.

வில்லியம் பெக்ஃபோர்டு என்று ஓர் எழுத்தாளர். அவருடைய ‘வதேக்’ 1786இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பேராசை பிடித்த ஒரு கலீஃபா நரகத்துக்குப் போய்ச் சேரும் கதை. பெக்ஃபோர்டு குடும்பத்துக்கு ஜமைக்காவில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அடிமைகளாக உழைத்த தோட்டங்கள். அப்பா இரண்டு முறை லண்டன் மேயராக இருந்தவர். அவர் 1770இல் இறந்தபோது, பத்து வயதுகூட நிரம்பாத மகனுக்கு அத்தனை சொத்தும் வந்தது. வளர்ந்த பிறகு அந்தப் பணத்தில் வில்ட்ஷயரில் ஃபான்ட்ஹில் அபே என்ற மாளிகையைக் கட்டினார். கோதிக் பாணி, 80 மீட்டரைத் தாண்டிய கோபுரம். அந்தக் கோபுரம் 1825இல் இடிந்து விழுந்தது. கோதிக் மாளிகை என்று நாம் கற்பனையில் பார்ப்பதை ஒருவர் கல்லிலும் மரத்திலும் நிஜமாகவே கட்டிப் பார்த்தார் என்றால், அது சர்க்கரையால் வந்த பணத்தில்.

‘வதேக்’ நாவலில் ஜமைக்கா கிடையாது. ஆனால் கலீஃபாவின் தாய்க்குப் பணிவிடை செய்ய ஐம்பது கறுப்பினப் பெண்கள் வருகிறார்கள். ஐம்பது பேரும் ஊமைகள், வலது கண் பார்வை இல்லாதவர்கள். அடிமைகளின் உழைப்பில் வளர்ந்தவர் எழுதும்போது கறுப்பினப் பெண்கள் வாயில்லாதவர்களாகத்தான் கதைக்குள் வந்தார்கள். இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தவர் மேத்யூ லூயிஸ். மாட்ரிட் நகரத்துத் துறவி ஒருவர் படிப்படியாகச் சீரழியும் ‘தி மங்க்’ நாவலை 1796இல் எழுதியவர். அப்பா 1812இல் இறந்ததும் ஜமைக்காவில் கார்ன்வால், ஹோர்ட்லி என்ற இரண்டு தோட்டங்கள், அங்கிருந்த அடிமைகளோடு சேர்த்து, அவர் கைக்கு வந்தன. இரண்டு முறை அங்கே போனார். சவுக்கடியை நிறுத்தினார், ஆனால் அடிமைகளை விடுதலை செய்யவில்லை. 1818இல் திரும்பி வரும்போது மஞ்சள் காய்ச்சல் வந்து கப்பலிலேயே இறந்தார்.

தொடக்க கால நாவல்களில் வெளியாள் என்றால் இத்தாலியர், ஸ்பானியர், கத்தோலிக்கர். 1764இல் வந்த ‘தி காஸில் ஆஃப் ஒட்ராண்டோ’ முதற்கொண்டு அப்படித்தான். பிரிட்டிஷ் பேரரசு பெருகப் பெருக, அந்த இடத்துக்குக் கரீபியத் தீவுக்காரர், இந்தியர், எகிப்தியர் வருகிறார்கள். ஒவ்வொரு நாவலிலும் நான் பார்ப்பது இதுதான்: வெளிநாட்டுப் பணம் முன்வாசல் வழியாக வருகிறது, யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்தப் பணத்தோடு ஒரு மனிதரும் வந்துவிட்டால் அவர்தான் வீட்டின் பேய்.

கேள்வி: பள்ளி வயதில் ‘ஜேன் ஐர்’ படித்து அழுதவள் நான். என் மகள் இப்போது படித்துவிட்டு, “மாடியறையில் பூட்டி வைத்திருந்த பெண்ணுக்கு நடந்தது அநியாயம் இல்லையா அம்மா?” என்கிறாள். எனக்கு ஜேன் மட்டும்தான் நினைவில் இருக்கிறாள். நான் அரைகுறையாகப் படித்துவிட்டேனா?

இல்லை. நாவல் உங்களை ஜேன் பக்கத்தில் உட்கார வைத்து எழுதப்பட்டது, நீங்களும் அங்கே உட்கார்ந்து படித்தீர்கள். உங்கள் மகள் எழுந்து மாடிக்குப் போயிருக்கிறாள். அவளைப் பாராட்டுகிறேன்.

படிக்காதவர்களுக்காக: சார்லட் பிராண்டி எழுதி 1847இல் வந்த நாவல். அனாதைப் பெண் ஜேன், தார்ன்ஃபீல்டு மாளிகைக்கு ஆசிரியையாக வருகிறாள். வீட்டுக்காரர் ராச்செஸ்டரைக் காதலிக்கிறாள். தேவாலயத்தில் கல்யாணம் நடக்கப்போகும் நேரத்தில் அவருக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது தெரிகிறது. பெயர் பெர்த்தா மேசன், ஜமைக்காவின் ஸ்பானிஷ் டவுனைச் சேர்ந்தவள். பைத்தியம் என்று சொல்லி மேல்மாடியில் பூட்டி வைத்திருக்கிறார்.

வகுப்பில் ஒருமுறை 26ஆம் அத்தியாயத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். கல்யாணம் நின்றுபோன கையோடு ராச்செஸ்டர் எல்லோரையும் மாடிக்கு அழைத்துப்போய்க் கதவைத் திறந்து காட்டுகிற இடம். அறையின் கோடியில் ஓர் உருவம் முன்னும் பின்னும் ஓடுகிறது. மிருகமா மனிதப் பிறவியா என்று முதல் பார்வையில் தெரியவில்லை என்கிறாள் ஜேன். கைகளை ஊன்றித் தவழ்கிறது, உறுமுகிறது, உடம்பில் துணி இருக்கிறது, நரையோடிய கறுப்பு முடி பிடரிமயிர் மாதிரி முகத்தை மறைக்கிறது. துணி கட்டிய கழுதைப்புலி என்றே ஓரிடத்தில் வருகிறது. வாசித்துக்கொண்டிருந்த மாணவி பாதியில் நிறுத்தி, “இவங்க பேசவே மாட்டாங்களா மேடம்?” என்று கேட்டாள்.

அந்த வகுப்பு முழுவதும் சேர்ந்து தேடினோம். பெர்த்தா சிரிக்கிறாள், கத்துகிறாள், தீ வைக்கிறாள், கடிக்கிறாள். அவள் சொன்னதாக ஒரே ஒரு பேச்சு 20ஆம் அத்தியாயத்தில் கிடைத்தது. அவளைப் பார்க்கப் போய்க் கத்திக்குத்தும் கடியும் பட்ட சகோதரன் ரிச்சர்ட் மேசன், தன் இதயத்தை உறிஞ்சி வற்றடிக்கப் போவதாக அவள் சொன்னாள் என்கிறான். அதுவும் அவன் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. பத்து வருடம் பூட்டிக் கிடந்த பெண், தன் கதையைத் தானே சொல்ல அவ்வளவு பெரிய நாவலில் ஒரு பத்தி கிடையாது. அவளுடைய சாவைக்கூட ஒரு விடுதிக்காரர்தான் ஜேனிடம் விவரிக்கிறார்.

சரி, இப்போது பணத்துக்கு வருவோம். ராச்செஸ்டர் இளைய மகன். சொத்தைப் பிரிக்க அவர் அப்பாவுக்கு மனமில்லை. அதனால் பணக்காரப் பெண்ணாகப் பார்த்து ஜமைக்காவில் சம்பந்தம் பேசுகிறார். பெர்த்தாவோடு வரும் சீதனம் 30,000 பவுண்டு. ஜமைக்காவில் ஒரு புழுக்கமான இரவு. மனைவியின் கூச்சலைத் தாங்க முடியாமல் ராச்செஸ்டர் தன்னையே சுட்டுக்கொள்ள நினைக்கிறார். அப்போது கடலைத் தாண்டி ஐரோப்பாவிலிருந்து புதிய காற்று வீசுகிறது, அவருக்குத் தெளிவு பிறக்கிறது. ஊருக்குப் போய் இவளை எங்காவது மறைத்து வைத்துவிட்டு நீ உன் வாழ்க்கையைப் பார்த்துக்கொள் என்று அந்தத் தெளிவு சொல்கிறது. வெக்கையும் வெறியும் ஜமைக்காவுக்கு, விவேகம் ஐரோப்பாவுக்கு. ஒரு காற்றை வைத்தே இதைச் செய்துவிடுகிறார் பிராண்டி. எழுத்துத் திறமை என்ற அளவில் அபாரமான இடம். படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிற இடமும் அதுதான்.

ஜேனுக்கும் பிறகு பணம் வருகிறது. மெடீராத் தீவில் இருந்த சித்தப்பா 20,000 பவுண்டு விட்டுச் செல்கிறார். அவர் யார்? மேசன் குடும்பத்து வணிகத்துக்கு அந்தத் தீவின் ஃபுஞ்சால் நகரில் தொடர்பாளராக இருந்தவர். ஆக, ஜேன் சுதந்திரமாகத் தலைநிமிர்ந்து நிற்கக் காரணமான பணமும் அந்த வணிகத்தைத் தொட்டுத்தான் வருகிறது.

பிரிட்டன் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை 1833இல் கொண்டுவந்தது. 1834 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நஷ்டஈடாக 2 கோடி பவுண்டு கொடுத்தார்கள். அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அதற்கு வாங்கிய கடன் 2015இல்தான் முழுமையாக அடைபட்டது. பிராண்டியின் வாசகர்கள் இந்தச் செய்திகளோடு வாழ்ந்தவர்கள். ஜேன் சிறுமியாக இருக்கும்போது தன்னைக் கலகம் செய்த அடிமையோடு ஒப்பிட்டுக்கொள்கிறாள், தன்னை அடிக்கும் பையனை அடிமைகளை ஓட்டுபவன் என்கிறாள். அடிமையின் வேதனை ஜேனின் வேதனையைச் சொல்ல உதவுகிறது. ஜமைக்காவிலிருந்து வந்த பெண்ணுக்கோ உறுமல்தான் மிச்சம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பெர்த்தா கறுப்பினப் பெண் என்று நாவல் சொல்லவில்லை. கிரியோல் என்கிறது, கரீபியத் தீவுகளில் பிறந்த வெள்ளையரையும் அப்படி அழைத்தார்கள். மேசன் குடும்பம் தீவின் செல்வக் குடும்பம். அவளுடைய சீதனத்துக்குள்ளும் அடிமைகளின் வியர்வை இருந்திருக்கும். டொமினிக்கா தீவில் 1890இல் பிறந்த ஜீன் ரீஸ் இந்தச் சிக்கலைத்தான் பிடித்துக்கொண்டார். 1966இல் வெளிவந்த அவருடைய ‘வைட் சர்காசோ சீ’ நாவலில் மாடியறைப் பெண்ணுக்கு அன்டோனெட் என்று பெயர்; பெர்த்தா என்பது கணவன் வைத்த பெயர். தீவின் கறுப்பின மக்கள் அவளை வெள்ளைக் கரப்பான்பூச்சி என்கிறார்கள். இங்கிலாந்துக்காரர்களோ அவளைத் தங்களில் ஒருத்தியாக நினைப்பதில்லை. கணவனுக்கு அந்த நாவலில் பெயரே இல்லை. மகளிடம் அடுத்து இந்தப் புத்தகத்தைக் கொடுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் இந்த நாவல்களைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிடலாமே?

வேண்டாம். எடுத்துவிட்டால் பெர்த்தா மறுபடியும் பூட்டிய அறைக்குள் போய்விடுவாள்.

கேள்வி: ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலின் ஹீத்கிளிஃப் ஆப்பிரிக்கரா, இந்தியரா, ஜிப்ஸியா? நண்பர்களுக்குள் பெரிய சண்டையே நடக்கிறது. நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

எமிலி பிராண்டி தீர்ப்புச் சொல்லாமல் விட்டதை நான் எப்படிச் சொல்வது? அக்கா ‘ஜேன் ஐர்’ வெளியிட்ட அதே 1847இல் தங்கை எழுதி வந்த நாவல் இது. அதில் இருக்கிற தடயங்களைச் சொல்கிறேன்.

பண்ணைக்காரர் எர்ன்ஷா லிவர்பூலுக்குப் போய்விட்டு வருகிறார். மகன் வயலின் கேட்டிருந்தான், மகள் சவுக்கு கேட்டிருந்தாள். வயலின் நொறுங்கிவிட்டது, சவுக்கு தொலைந்துவிட்டது. கோட்டுக்குள்ளிருந்து அழுக்கும் கந்தலுமாக ஒரு கறுத்த பையன் வெளியே வருகிறான். யாருக்கும் புரியாத ஏதோ மொழியில் திரும்பத் திரும்பப் பேசுகிறான். பிசாசிடமிருந்து வந்தவன் மாதிரி கறுப்பாக இருக்கிறான் என்று கொண்டுவந்தவரே சொல்கிறார். முதலில் எல்லோரும் அவனை ‘அது’ என்கிறார்கள். சின்ன வயதில் இறந்துபோன ஒரு மகனின் பெயரை வைக்கிறார்கள். முதல் பெயரும் அதுவே, குடும்பப் பெயரும் அதுவே. பக்கத்து எஸ்டேட்டின் லின்டன், இவன் லஸ்கர் பையனாகவோ, அமெரிக்கனாகவோ, ஸ்பெயினிலிருந்து ஒதுங்கியவனாகவோ இருக்கலாம் என்கிறார். கப்பல்களில் வேலை செய்த இந்திய, ஆசிய மாலுமிகளைத்தான் அப்போது லஸ்கர் என்றார்கள். வேலைக்காரி நெல்லி அவனுக்கு ஆறுதலாக, உன் அப்பா சீனச் சக்கரவர்த்தியாகவும் அம்மா இந்திய ராணியாகவும் இருக்கலாம், யார் கண்டார்கள் என்கிறாள். அவனோ தனக்கு வெளுத்த முடியும் வெள்ளைத் தோலும் இருந்தால் தேவலை என்று ஏங்குகிறான்.

ஆளாளுக்கு ஒரு நாட்டைச் சொல்கிறார்கள், பார்த்தீர்களா? பிரிட்டிஷ் கப்பல்கள் போன இடமெல்லாம் அந்தப் பட்டியலில் வந்துவிடுகிறது. கதை நடக்கும் 1770களில் லிவர்பூல் அடிமை வணிகத்தின் தலையாய துறைமுகம். அங்கே தெருவில் பசியோடு நின்ற கறுத்த பையன் என்றால், எந்தக் கப்பல் அவனை இறக்கிவிட்டுப் போயிருக்கும் என்ற கேள்வி அந்தக் கால வாசகருக்குத் தானாக வந்திருக்கும்.

உங்கள் நண்பர்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. ஹீத்கிளிஃப் மூன்று வருடம் காணாமல் போய்ப் பணக்காரனாகத் திரும்புகிறான். எப்படிச் சம்பாதித்தான்? நாவல் கடைசிவரை சொல்லவில்லை. பிறகு அவன் செய்வதெல்லாம் சட்டப்படி: கடன் கொடுக்கிறான், அடமானம் எழுதி வாங்குகிறான், கல்யாணத்தின் வழியாகச் சொத்தைப் பிடிக்கிறான். தன்னை மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பிய குடும்பங்களின் இரண்டு வீடுகளையும் கைப்பற்றுகிறான். வெறுங்கையோடு வந்தவன் அந்த நாட்டுச் சொத்துச் சட்டத்தை அந்த நாட்டுக்காரர்கள்மீதே திருப்புகிறான். பேய் வரும் இடங்களை விட எனக்கு அந்தப் பத்திரங்கள்தான் அதிக நடுக்கம் தருகின்றன.

கேள்வி: இன்றைய கருத்துகளை அன்றைய எழுத்தாளர்கள்மீது சுமத்துகிறீர்கள். ‘ஃப்ராங்கென்ஸ்டைன்’ ஓர் அறிவியல் கதை. அதைப் படித்த அன்றைய வாசகர்கள் அடிமைகளையா நினைத்திருப்பார்கள்?

நினைத்தார்கள். நாடாளுமன்றத்திலேயே நினைத்தார்கள். மேரி ஷெல்லியின் நாவல் வந்தது 1818இல். ஆறு வருடம் கழித்து, 1824 மார்ச்சில், வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் கேனிங் மக்களவையில் பேசுகிறார். அடிமைகளை உடனே விடுதலை செய்வது, ஆண்மகனின் உடல் வலுவும் குழந்தையின் அறிவும் உள்ள ஒன்றை உலகில் அவிழ்த்துவிடுவதாகும் என்றார். அது சமீபத்தில் வந்த ஒரு கதையில் வரும் படைப்பைப் போலிருக்கும் என்றும் சொன்னார். எந்தக் கதை என்று அவையில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவைப்படவில்லை.

இதில் என்னைச் சங்கடப்படுத்துவது, கேனிங் நாவலைத் தலைகீழாக்கியதுதான். ஷெல்லியின் நாவலில் விக்டர் ஃப்ராங்கென்ஸ்டைன் என்ற இளைஞன் உயிர் கொடுத்து உருவாக்கிய அந்தப் படைப்புக்கு அறிவு நிறைய உண்டு. ஒரு குடிசையின் பக்கத்தில் ஒளிந்துகொண்டு, சாஃபி என்ற அரபுப் பெண்ணுக்கு நடக்கும் பாடங்களைக் கேட்டே மொழியும் வரலாறும் கற்றுக்கொள்கிறது. அமெரிக்கா கண்டுபிடிக்கப்பட்டதையும் அங்கிருந்த பூர்வகுடிகளின் கதியையும் கேட்டு, சாஃபியோடு சேர்ந்து அழுகிறது. அந்த நாவலில் பூர்வகுடிகளுக்காகக் கண்ணீர் விடுகிற இரண்டு பேர், ஒருவர் அரபுப் பெண், இன்னொருவர் அரக்கன் என்று துரத்தப்படுபவர். அப்புறம் அது தனக்கு ஒரு துணையைப் படைத்துத் தந்தால் தென் அமெரிக்கக் காடுகளுக்குப் போய்விடுவதாக வாக்குக் கொடுக்கிறது. விக்டர் துணையைப் பாதி செய்துவிட்டுக் கிழித்தெறிகிறான். காரணம், அவர்கள் பெருகிப் பிசாசு இனமாகிவிடுவார்கள் என்ற பயம். கேனிங் கிட்டத்தட்ட விக்டரின் பயத்தைத்தான் மக்களவையில் பேசினார். படைப்பு தன் வாயால் சொன்னது அவர் காதில் விழவில்லை.

கேள்வி: ட்ராகுலாவின் ஊர் டிரான்சில்வேனியா. அது பிரிட்டிஷ் காலனியாக இருந்ததே இல்லையே? அதை எப்படி இந்தப் பேச்சில் சேர்ப்பது?

நல்ல கேள்வி. அது அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்தது. பிராம் ஸ்டோக்கர் அங்கே போனதும் இல்லை. புத்தகங்களைப் படித்து எழுதினார். நாவல் வந்த 1897, விக்டோரியா அரசியின் அறுபதாண்டு ஆட்சியைப் பிரிட்டிஷ் பேரரசு முழுக்கக் கொண்டாடிய ஆண்டு.

தொடக்கத்திலேயே ஹார்க்கர் என்ற இளம் வழக்கறிஞர் புடாபெஸ்டைத் தாண்டும்போது, மேற்கை விட்டுக் கிழக்குக்குள் நுழைவதாக எழுதுகிறார். கிழக்கே போகப் போக ரயில்கள் நேரம் தவறுகின்றன, சீனாவில் எப்படியோ என்று அலுத்துக்கொள்கிறார். எந்த ஊர் என்பது முக்கியமில்லை, கிழக்கு என்றாலே போதும் என்ற மனநிலை.

அப்புறம் கோட்டையின் நூலகத்துக்கு வாருங்கள். பேய்க்கோட்டையில் என்ன புத்தகங்கள் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இங்கிலாந்தின் வரலாறு, புவியியல், அரசியல், சட்டம். பிராட்ஷா ரயில் கால அட்டவணைகூட இருக்கிறது. ட்ராகுலா ஆங்கிலம் படித்துக்கொண்டிருக்கிறார். என் பேச்சில் சின்னத் தப்பு வந்தாலும் திருத்துங்கள் என்று ஹார்க்கரைக் கேட்டுக்கொள்கிறார். இங்கே நான் பிரபு, எல்லோருக்கும் என்னைத் தெரியும். அந்நிய நாட்டில் அந்நியன் ஒன்றுமில்லாதவன். லண்டன் தெருவில் நான் பேசுவதைக் கேட்டு யாரும் ‘ஆகா, வெளியாள்!’ என்று நின்றுவிடக் கூடாது என்கிறார். இந்தப் பக்கத்தை நடத்தும்போதெல்லாம் வகுப்பு சட்டென்று அமைதியாகிவிடும். உச்சரிப்பைக் கேட்டு ஒருவரை எடைபோடுவது எப்படி இருக்கும் என்று தெரிந்த பிள்ளைகள் அவர்கள்.

நாட்டைப் படித்து, மொழியைக் கற்று, சட்டப்படி நிலம் வாங்கி, ஐம்பது பெட்டிகளில் சொந்த மண்ணோடு கப்பலில் வந்து இறங்கி, உள்ளூர்க்காரர்களின் ரத்தத்தை உறிஞ்சி அவர்களைத் தன் இனமாக மாற்றுவது. பேரரசு மற்ற நாடுகளில் செய்துகொண்டிருந்த வேலை இது. ஸ்டீவன் அராட்டா என்ற விமர்சகர் 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத் தலைகீழ்க் காலனியாக்கம் பற்றிய பதற்றம் என்று விளக்கினார். தாங்கள் செய்ததைத் தங்களுக்கே யாராவது செய்துவிட்டால் என்ற பயம். அதே 1897இல் ரிச்சர்ட் மார்ஷ் எழுதிய ‘தி பீட்டில்’ நாவலில் எகிப்திலிருந்து ஓர் உருமாறும் ஜந்து லண்டனுக்கு வருகிறது. பிரிட்டிஷ் படை எகிப்தைப் பிடித்தது 1882இல். தொடக்கத்தில் ‘ட்ராகுலா’வைவிட அதுதான் அதிகம் விற்றது.

கடைசிச் சண்டையில் ட்ராகுலாவின் கழுத்தை அறுப்பது எந்தக் கத்தி தெரியுமா? திரைப்படங்களில் சிலுவையும் மரக்குச்சியும் பார்த்துப் பழகிவிட்டோம். நாவலில் ஹார்க்கரின் கையில் இருப்பது குக்ரி. பிரிட்டிஷ் இந்தியப் படையின் கூர்க்கா வீரர்களுடைய கத்தி. கூடவே அமெரிக்க நண்பர் மோரிஸின் போவி கத்தி இதயத்தில் பாய்கிறது. கிழக்கிலிருந்து வந்தவனைக் கொல்லக் கிழக்கிலிருந்து வந்த ஆயுதம்.

கேள்வி: இந்தியர்களே நேரடியாக வரும் நாவல் ஏதாவது உண்டா? அதிலும் வில்லன்கள்தானா?

உண்டு. வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’, 1868. துப்பறியும் கதை என்றுதான் பலர் சொல்வார்கள். எனக்கு அது சாபமும் பழைய குற்றமும் துரத்துகிற கோதிக் கதை.

முதல் பக்கங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடக்கின்றன. 1799 மே 4, திப்பு சுல்தான் கொல்லப்பட்டு நகரம் சூறையாடப்பட்ட நாள். ஹெர்ன்காஸில் என்ற ஆங்கிலேய அதிகாரி ஒரு கையில் தீப்பந்தமும் இன்னொரு கையில் ரத்தம் சொட்டும் குத்துவாளுமாக நிற்கிறான். வைரத்தைக் காத்து நின்ற மூன்று இந்தியர்களில் இருவர் செத்துக்கிடக்கிறார்கள், மூன்றாமவர் சாகும் நேரத்தில் சாபம் விடுகிறார். அந்த வைரம் பின்னாளில் ஆங்கிலேய மாளிகை ஒன்றில் இளம்பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாகிறது. திருட்டில் தொடங்கியது என்று காலின்ஸ் முதலிலேயே சொல்லிவிட்டதால், அதற்குப் பிறகு யார் திருடன் என்ற கேள்வியே மாறிவிடுகிறது.

வைரம் காணாமல் போனதும் எல்லோருடைய சந்தேகமும் வித்தைக்காரர்களாக வேடமிட்டு வந்த மூன்று பிராமணர்கள்மீது விழுகிறது. உண்மையில் எடுத்துப் போனவன் யார் என்றால், தர்ம காரியங்களுக்குப் பேர்போன காட்ஃப்ரி ஏபிள்வொயிட். அடுத்தவர் பணத்தைக் கையாடிவிட்டு மாட்டிக்கொள்ளும் நிலையில் இருந்தவன். ஒரு விடுதி அறையில் கறுத்த முகமும் கறுப்புத் தாடியுமாக ஒரு மாலுமி செத்துக்கிடக்கிறான். துப்பறியும் அதிகாரி சார்ஜென்ட் கஃப் பொய்முடியையும் தாடியையும் உருவி, தண்ணீர் கொண்டுவந்து முகத்தைக் கழுவ, சாயம் போய் வெள்ளைத் தோல் தெரிகிறது. கறுத்த வெளியாளைத் தேடிப்போனால், கழுவியதும் உள்ளே ஆங்கிலேயக் கனவான் காட்ஃப்ரி. 1857 எழுச்சிக்குப் பிறகு இங்கிலாந்துப் பத்திரிகைகள் இந்தியர்கள்மீது வெறுப்பைக் கொட்டித் தீர்த்து முடித்த காலத்தில் இப்படி எழுதத் துணிவு வேண்டும்.

ஆனாலும் காலின்ஸ் அந்த மூவருக்கும் பெயர் கொடுக்கவில்லை. கொலை அவர்கள் கையால்தான் நடக்கிறது. வைரத்தைக் கோயிலில் சேர்த்துவிட்டு, கடல் தாண்டிய குற்றத்துக்காக ஆளுக்கொரு திசையில் தீர்த்த யாத்திரை போகிறார்கள். மர்மத்தை அவிழ்ப்பவர் எஸ்ரா ஜென்னிங்ஸ். காலனி ஒன்றில் பிறந்தவர், மருத்துவரின் உதவியாளர், தோற்றத்தைப் பார்த்தே ஊர் அவரை ஒதுக்கிவைத்திருக்கிறது. என் அப்பா ஆங்கிலேயர், ஆனால் என் அம்மா என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை முடிக்காமலே பேச்சை மாற்றுகிறார். சாகும்போது தன் கல்லறையில் பெயர் பொறிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். ‘மூன்ஸ்டோன்’ படித்தவர்கள் கஃப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் ஜென்னிங்ஸுக்காகப் பேசுகிறேன்.

கேள்வி: ‘கார்மில்லா’ படித்தேன். கவிழ்ந்த வண்டிக்குள் தலைப்பாகை கட்டிய ஒரு கறுப்பினப் பெண் இருந்ததாக ஒருவர் சொல்கிறார். அவள் யார்? மறுபடி எங்கே வருகிறாள்?

எங்கேயும் வருவதில்லை. ஷெரிடன் லெ ஃபானு 1871–72இல் எழுதிய வாம்பயர் கதை, அதாவது ரத்தம் குடிக்கும் பேயின் கதை அது. ஆஸ்திரியாவின் ஸ்டைரியாவில் நடக்கிறது. கார்மில்லாவை அவள் தாய் விட்டுச் சென்ற பிறகு, வீட்டுப் பெண்கள் பேசிக்கொள்ளும்போது ஒருவர் இதைச் சொல்கிறார். வண்டி ஜன்னலிலிருந்து வெள்ளை விழிகள் பளபளக்க, பல்லைக் கடித்தபடி ஏளனமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள் என்கிறார். அவ்வளவுதான். பெயர் இல்லை, வேலை என்னவென்று இல்லை, கதைக்கும் அவள் தேவைப்படவில்லை. பயத்தைக் கொஞ்சம் கூட்ட ஒரு கறுப்பு முகம் வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார். உங்களைப் போல அவளைத் தேடிப்போகிற வாசகர்கள் இருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

கேள்வி: இதையெல்லாம் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர் எந்த வரிசையில் படிக்கலாம்?

‘ஜேன் ஐர்’ முதலில். முடித்த சூட்டோடு ‘வைட் சர்காசோ சீ’. அது சின்ன நாவல்தான், ஆனால் ‘ஜேன் ஐர்’ தெரியாமல் படித்தால் பாதி போய்விடும். பிறகு ‘மூன்ஸ்டோன்’, ‘ட்ராகுலா’. ‘வதேக்’ அவசரமில்லை. ‘ஃப்ராங்கென்ஸ்டைன்’ வாங்கும்போது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 1818 பதிப்பும், ஷெல்லியே திருத்திய 1831 பதிப்பும் இரண்டும் கடைகளில் கிடைக்கின்றன. முடிந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு, விக்டரின் நண்பன் கிளெர்வல் கீழைநாட்டு மொழிகளைப் படிக்கும் பக்கங்களை ஒப்பிடுங்கள். இந்தியாவுக்குப் போய், அந்த மொழியறிவைக் கொண்டு ஐரோப்பியக் குடியேற்றத்துக்கும் வணிகத்துக்கும் உதவ வேண்டும் என்ற திட்டம் 1831 பதிப்பில்தான் அவனுக்கு வருகிறது.